95 ஸ்கொயர் கேபிளும் 36 மி.மீ. தடிமனும்

கோவைப் பக்கம் எங்கள் பட்டறைக்குப் புது ஷெட் போட்டபோது, மெயின் பேனலிலிருந்து 140 மீட்டருக்கு ஆர்மர்டு கேபிள் (இரும்புப் பட்டை சுற்றியது) இழுக்க வேண்டியிருந்தது. லோடு 120 ஆம்பியர்தான். 70 ஸ்கொயர் (ச.மி.மீ.) அலுமினியமே தாங்குமே என்று கேட்டதற்கு எலக்ட்ரீஷியன் அண்ணன், "கரண்டு தாங்குமுங்க. அங்க போய்ச் சேரறப்ப வோல்ட் இருக்கோணுமில்லீங்க" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 போட்டால் 15 வோல்ட் இறங்குகிறது, 95 போட்டால் 11. 415 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள் நிற்க 95தான் சரி. மூன்றரை கோர், அதாவது உள்ளே மூன்று முழுக் கம்பியும் ஒரு சிறிய கம்பியும், என்று முடிவானது. அந்த அரைக் கோர் நியூட்ரல், 50 ஸ்கொயர்.

இந்த ஸ்கொயர் எம்எம் என்பது உள்ளே இருக்கும் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு மட்டும்தான். பள்ளம், பைப், தொட்டி எல்லாம் கேபிளின் வெளிவிட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது. பெரிய சைஸ்களில் கோர் வட்டமாக இராது, வெட்டிய பீட்சாத் துண்டு வடிவில் இருக்கும். அதற்கு மேல் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன், உள் உறை, இரும்புப் பட்டை, வெளி உறை என்று அடுக்குகள். கேட்டலாக்கில் சுமார் 36 மி.மீ. போட்டிருந்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மி.மீ. மாறும்.

அந்த 36தான் வரைபடத்தையே மாற்றியது. ஆர்மர்டு கேபிளை விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. அதாவது 432 மி.மீ. பாதை திரும்பும் மூலையில் கொத்தனார் குறித்து வைத்திருந்தது 450 மி.மீ. சதுரத் தொட்டி. சுவரின் நடுவில் நுழைந்து பக்கத்துச் சுவரின் நடுவில் வெளியேற வேண்டும் என்றால் 225 மி.மீ. ஆரம்தான் கிடைக்கும். தொட்டியை 900 ஆக்கினோம். சாலைக்குக் குறுக்கே 100 மி.மீ. பைப். அதன் உள்பரப்பில் 40 சதவீதம்தான் நிரப்பலாம் என்பதால் இதே கேபிள் மூன்று வரை போகும். பின்னால் இன்னொரு ஷெட் வந்தாலும் இடம் இருக்கிறது.

எடைக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. மூன்று 95, ஒரு 50 சேர்ந்து உலோகப் பரப்பு 335 ச.மி.மீ., அலுமினிய அடர்த்தி 2.7. மீட்டருக்கு 905 கிராம் வருகிறது. முழு கேபிளோ ஏறத்தாழ 2 கிலோ. பாதிக்கு மேல் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான்! ஆக 140 மீட்டருக்கு 280 கிலோ, மர ட்ரம் தனி. கையால் இறக்குகிற சமாச்சாரம் இல்லை. லாரி வருவதற்கு முன்பே செயின் பிளாக், ட்ரம்மைச் சுழல விட ஜாக்கி, பள்ளத்தில் ரோலர் எல்லாம் சொல்லி வைத்தோம்.

கேபிள் முனையைப் பேனலில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டை மட்டும் முன்கூட்டி வாங்கவில்லை. ட்ரம் இறங்கியதும் முனையில் வெர்னியர் வைத்து அளந்து, அதற்குப் பொருந்துகிற சைஸை எழுதிக் கடைக்கு ஆள் அனுப்பினோம்.