பசிக்கா, மனசுக்கா

"பசிக்கு சாப்பிடுறியா, இல்ல மனசு சரியில்லன்னு சாப்பிடுறியா?" இதத்தான் நான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். குரல் ஒசத்தல, நாலு பேர் முன்னாடி கேக்கல, கேன்டீன்ல அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். எட்டு மாசம் ஆச்சு, இன்னும் அந்தக் கேள்வி என்னை விடல.

அன்னிக்கு ஷிப்மென்ட் நாள். ஷூ கம்பெனியில வேலை பாத்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். அப்பர்ல, அதான் ஷூவோட மேல்பாகத்துல, தையல் கோணிப்போயி 60 ஜோடி திரும்பி வந்துச்சு, ஃப்ளோர் மேனேஜர் லைன்ல எல்லார் முன்னாடியும் அவளை எழுப்பி நிக்கவெச்சு கத்தினாரு. நான் அவளோட சூப்பர்வைசர், ரெண்டடி தள்ளி நின்னேன், வாய் திறக்கல. சாயங்காலம் கேன்டீன் பக்கம் போனா மூலையில உக்காந்து பப்ஸ் சாப்டுகினு இருக்கா, பக்கத்துல இன்னொரு பப்ஸ், ஒரு கிரீம் பன். சரியா மெல்லக்கூட இல்ல, முழுங்குறா. அந்த வேகத்தை நான் எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சிடுவேன், ஏன்னா அஞ்சாறு வருஷம் நானும் அப்படித்தான் சாப்பிட்டேன்.

என் கதை என்னன்னா, ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாரும் படுத்தப்புறம் சமையக்கட்டுல லைட்டு கூட போடாம நின்னுகிட்டே மிக்சர் பாக்கெட் காலி பண்ணுவேன், அது தீந்தா சட்டியில இருக்கிற மிச்ச சோறு. 82 கிலோ ஆயிட்டேன், என் உயரம் 155 தான். ரத்தம் டெஸ்ட் பண்ண எடத்துல மூணு மாச சராசரி சர்க்கரை (HbA1c) 6.1ன்னு வந்துச்சு, 6.5 ஆனா சுகர்னு எழுதிடுவாங்க. அங்க இருந்த டயட்டீஷியன் மேடம் அரிசி எவ்ளோ, எண்ணெய் எவ்ளோன்னு ஆரம்பிக்கல. இந்தக் கேள்விய தான் கேட்டாங்க, பசியா மனசான்னு. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. அதுவரைக்கும் யாருமே என்னை அப்படி கேட்டது இல்ல, எல்லாரும் "வாயக் கட்டு"ன்னு தான் சொல்லியிருக்காங்க.

ஒரு நோட்டு போட சொன்னாங்க. எத்தன மணிக்கு சாப்பிட்ட, என்ன சாப்பிட்ட, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. பசின்னா மெல்ல மெல்ல ஏறும், பழைய சோறு குடுத்தாலும் எறங்கும், மனசு கேக்குறது மட்டும் திடீர்னு வரும், அதுக்கு ஒரே ஒரு சாமான்தான் வேணும், வயிறு நெறைஞ்சாலும் நிக்காதுன்னாங்க. ரெண்டு வாரம் எழுதினதுலயே தெரிஞ்சுடுச்சு, டார்கெட் விழாத நாள், மேனேஜர் கத்தின நாள், இதுல மட்டும்தான் அந்த ஒன்பதரை மிக்சர்.

அப்புறம் அந்த ஒன்பதரைக்கு பக்கத்து வீட்டு அம்மாவோட நடக்க ஆரம்பிச்சேன், எங்க வேலூர் சத்துவாச்சாரி தெருவுல சும்மா சுத்தி சுத்தி. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கோட்டை. வெயில் நாள்ல ஏழு மணிக்கு மேல அங்க நடக்க முடியாது, கல்லே கொதிக்கும், அதனால அஞ்சு மணிக்கே போயிடுவோம், அகழிய ஒட்டி நடந்து ஜலகண்டேஸ்வரர் வாசல் வரைக்கும். எங்கம்மா சொல்லுவாங்க, அவங்க சின்ன வயசுல அது சாமி இல்லாத கோயில், 1981ல தான் உள்ள லிங்கம் வெச்சாங்கன்னு. அத்தன வருஷம் வெறுமனே நின்ன கோயில்னு நெனச்சுகிட்டே அந்தப் படியில உக்காந்து மூச்சு வாங்குவேன், ஏன்னு தெரியல, மனசு லேசாகும். முக்கா மணி நேரம் நடந்தா 200 கலோரி கிட்ட போகும், 100 கிராம் மிக்சர்ல 500க்கு மேல இருக்கு. அதனால நடந்து எரிச்சு இளைச்சேன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த நேரத்துல சமையக்கட்டுல நிக்காம தெருவுல இருந்தேன், அதான் விஷயம். கம்பெனி பஸ்ஸுலயும் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கிக்குவேன். 14 மாசத்துல 15 கிலோ. இன்னும் 67, கணக்குப்படி இதுவும் அதிகம் தான், நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்குற கணக்கு, 23 தாண்டினாலே அதிகம்னு சொல்றாங்க, என்னோடது 28 கிட்ட.

சொல்ல வந்தத விட்டுட்டு எங்கயோ போயிட்டேன். ஆனா இதெல்லாம் சொன்னா தான் ஏன் அவகிட்ட கேட்டேன்னு புரியும். என்னைக் காப்பாத்துன கேள்வி அது. அவ நல்லா இருக்கணும்னு தான் கேட்டேன், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அவ தலையே தூக்கல. "பசிதான்கா. மதியானம் ரீவொர்க்ல உக்கார வெச்சிட்டாங்க, சோறு டப்பாவுலயே கீது"ன்னா. பப்ஸை பேப்பர்ல சுத்தி பையில வெச்சுகிட்டு எழுந்து போயிட்டா.

திரும்பி வந்த ஜோடிய சரி பண்ற அந்த ரீவொர்க்ல உக்கார வெச்சது நான்.

அது உண்மையா, இல்ல என் முன்னாடி மானம் போகக்கூடாதுன்னு சொன்னதான்னு இன்னிக்கும் எனக்கு தெரியல. சோறு டப்பாவுல இருக்கும்போது எதுக்கு பப்ஸ்னு ஒரு நாள் தோணும், அப்போ நான் கேட்டது சரிதான்னு இருக்கும். மறுநாளே, இந்த வேலூர் வெயில்ல காலையில கட்டின சோறு சாயங்காலம் ஊசிப்போயிருக்காதா, அவ என்ன பண்ணுவான்னு தோணும். ரெண்டுமே கூட இருக்கலாம், பசியும் இருந்திருக்கும், திட்டு வாங்கின வலியும் இருந்திருக்கும். அந்த மேடம் கேட்டப்போ கதவு சாத்தின ரூம், எதிர்ல உக்காந்திருந்தது எனக்கு சம்பளம் போடுறவங்க இல்ல, நானா தேடிப்போன எடம். இவகிட்ட என்னை யாரு கேக்க சொன்னா? அதுவும் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி ரெண்டடி தள்ளி நின்னு பாத்துகினு இருந்தவ நான். எல்லார் முன்னாடியும் இப்படி கத்தாதீங்க சார்னு அவருகிட்ட சொல்லியிருக்கணும், அத விட்டுட்டு இவ தட்டை பாத்து கேட்டுட்டேன். சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும், எனக்கும் நாலு திட்டு விழுந்திருக்கும், அன்னிக்கு ராத்திரி நான் மிக்சர் பாக்கெட்டை பிரிச்சிருப்பேன். இதுவும் உண்மைதான், சமாதானத்துக்கு சொல்லல.

அதுக்கப்புறம் அவ கேன்டீன்ல சாப்பிட்டு நான் பாக்கல. மெஷினுக்குப் பின்னாடி திரும்பி உக்காந்து டப்பாவ மூடி மூடி தொறந்து சாப்பிடுவா. ரெண்டு மாசத்துல நின்னுட்டா, வீட்டுல கல்யாணம் பேசுறாங்கன்னு சொன்னா. அதுக்காகவே நின்னிருக்கலாம், எல்லாத்துக்கும் நான் தான் காரணம்னு நெனைக்கிறதும் ஒரு மாதிரி பெருமைதானோன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா அவ மூடின டப்பா தான் கண்ணுக்குள்ள வருது.

அவ போனப்புறம் ஒண்ணு முடிவு பண்ணேன், என் லைன்ல 12.45க்கு மேல யாரையும் ரீவொர்க்ல வெக்கக்கூடாது, எத்தன ஜோடி திரும்பி வந்தாலும் சரி, முதல்ல சோறு. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னு தான் சொன்னாரு. நாலு மாசம் ஒழுங்கா நடந்துச்சு. போன மாசம் கன்டெய்னர் ஏத்துற அன்னிக்கு 40 ஜோடி திரும்பி வந்துச்சு, மணி ஒண்ணரை வரைக்கும் நானே லைனை விடல. புதுசா வந்த பொண்ணு ஒருத்தி ரெண்டு தடவ கடிகாரத்தை பாத்தா, நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.