பாகப்பிரிவினை அல்ல, உட்பிரிவு

போன மாதம் ஒரு நாள், சந்தை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ராயக்கோட்டையிலிருந்து பெரியப்பா அழைத்தார். "தம்பி, நம்ம ஷேர் 4,200-ல இருந்து 420-க்கு வந்துடுச்சு, போன்ல ஒரே சிவப்பா காட்டுது. கம்பெனிய மூடிட்டாங்களா?" என்று கேட்டார். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்று ஓய்வுபெற்றவர் அவர். அதே நிறுவனத்தின் 60 பங்குகளை 2014-இல், பங்கு ஒன்று 900 ரூபாய் வீதம் வாங்கி வைத்திருக்கிறார். நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 10 ரூபாய் முகமதிப்புள்ள (பங்கின் மேல் குறித்திருக்கும் மதிப்பு, சந்தை விலை வேறு) ஒவ்வொரு பங்கையும் 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்திருந்தார்கள், அவ்வளவுதான். விலை அன்று காலையிலேயே பத்தில் ஒன்றாகிவிட்டது, ஆனால் புதிய பங்குகள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) வந்து சேர ஓரிரு நாள் ஆகும் என்பதால், செயலி பழைய 60-ஐப் புதிய 420-ஆல் பெருக்கி, 2,52,000 ரூபாய் இருந்த இடத்தில் 25,200 என்று காட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புரியும்படி நான் நிலக் கணக்கைத்தான் எடுத்துச் சொன்னேன். அப்பாவும் அவரும் பாகம் பிரித்துக்கொண்டபோது, புல எண்ணுக்குக் கீழே உட்பிரிவு எண் போட்டு ஆளுக்கொரு பட்டா வாங்கினார்கள். பங்குப் பிரிப்பில் உட்பிரிவு உண்டு, பாகப்பிரிவினை கிடையாது. ஒரு ஏக்கரைப் பத்துப் பத்து சென்டாக அளந்து கல் நட்டு, பத்துக்கும் அவர் பெயரிலேயே பட்டா ஆனால் எப்படியோ, அப்படி. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 61-ஆவது பிரிவின்படி இதற்குப் பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தச் சட்டமும் இதை உட்பிரிவு என்ற பொருளிலேயே குறிப்பிடுகிறது. நிலத்துக்குப் புது எண் விழுவதுபோலவே முகமதிப்பு மாறிய பங்குக்கும் புதிய ஐஎஸ்ஐஎன் எண் (ஒவ்வொரு பங்கையும் அடையாளம் காட்டும் தனி எண்) விழுகிறது. பழைய எண்ணில் இருந்தவை கணக்கிலிருந்து கழிந்து, புதிய எண்ணில் வரவாகின்றன.

தொழிற்சாலைக்கு இதனால் ஒரு ரூபாய்கூட வருவதில்லை. புது சிஎன்சி இயந்திரம் வாங்கவோ கடனை அடைக்கவோ பணம் வேண்டுமென்றால் நிறுவனம் இருக்கிற பங்குதாரர்களுக்கே புதுப் பங்கை விலைக்குத் தரும் உரிமைப் பங்கு வெளியிட வேண்டும், அல்லது வங்கிக்குப் போக வேண்டும். இலவசமாகக் கூடுதல் பங்கு தரும் போனஸ் பங்கிலாவது காப்பு நிதியிலிருந்து ஒரு தொகை பங்கு மூலதனத்துக்கு மாறும். பிரிப்பில் அதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஊர்ப் பக்கம் ஏன் வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. 2011-இல் ஓசூரின் டைட்டன் நிறுவனம் 10 ரூபாய்ப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்து, அதோடு ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் இருபது பங்குகள் இருந்தன. அந்த இருபதில் பத்து பிரிப்பால் வந்தவை, பத்து போனஸால் வந்தவை என்று பிரித்துச் சொல்ல அன்று டீக்கடையில் யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.

டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை) விஷயத்தில் பெரியப்பா சற்று நேரம் வாதாடினார். டிவிடெண்டை முகமதிப்பின் சதவீதமாக அறிவிக்கும் பழக்கம்தான் இங்கே குழப்புகிறது. போன ஆண்டு அறிவித்த 150 சதவீதம், 10 ரூபாய் முகமதிப்பில் பங்குக்கு 15 ரூபாய். 60 பங்குக்கு 900 ரூபாய். இனி அதே 150 சதவீதம் பங்குக்கு ஒன்றரை ரூபாய்தான், ஆனால் 600 பங்குக்கு அதே 900 ரூபாய். சதவீதத்தைக் கண்டு மயங்கக் கூடாது என்பதற்கு எம்ஆர்எஃப் நல்ல உதாரணம். பங்கைப் பிரிக்காமலே விட்டதால் 2023 ஜூனில் அதன் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிறுவனம் 30 சதவீத இடைக்கால டிவிடெண்ட் என்று அறிவித்தால், கைக்கு வருவது பங்குக்கு 3 ரூபாய்.

அப்படியானால் பிரிப்பதால் யாருக்கு லாபம்? புதிதாக வாங்க வருகிறவருக்கு, கொஞ்சம். 2020 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் தன் பங்கைப் பத்தாகப் பிரிக்கும் முன்பு ஒரு பங்கின் விலை 20,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பயிற்சித் தொழிலாளி மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டினாலும் ஒன்றுகூட வாங்க முடிந்திருக்காது. வாங்குவோர் விற்போர் எண்ணிக்கை கூடினால் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும் விற்பது எளிதாகும். மற்றபடி, பதிவுத் தேதிக்கு (யார் கையில் பங்கு இருக்கிறது என்று நிறுவனம் கணக்கெடுக்கும் நாள்) முன்பே வாங்கிவிட வேண்டும் என்று சிலர் அடித்துப் பிடித்து ஓடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மறுநாள் வாங்கினால் பிரித்த விலைக்கே கிடைக்கப் போகிறது.

உண்மையில் கவனம் வேண்டியது வரிக் கணக்கில்தான். பெரியப்பாவின் வாங்கிய விலை இனி 900 அல்ல, 90. வாங்கிய தேதி மட்டும் 2014 ஆகவே நிற்கும். போனஸ் பங்குக்கோ வாங்கிய விலை பூஜ்யம், காலமும் ஒதுக்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். அவர் 2018-க்கு முன்பே வாங்கியவர் என்பதால், நீண்டகால ஆதாயக் கணக்கில் 2018 ஜனவரி 31 அன்றைய விலையும் உள்ளே வரும்; அதையும் பத்தால் வகுத்தே எடுக்க வேண்டும். பழைய 900-ஐ அப்படியே போட்டு 420-க்கு விற்றதாகக் காட்டினால் இல்லாத நஷ்டம் ஒன்று உருவாகிவிடும், பிறகு நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான், பெரியம்மா ட்ரங்குப் பெட்டியிலிருந்து மடிப்பில் செல்லோ டேப் ஒட்டிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். வேறொரு நிறுவனத்தின் 20 பங்குகளுக்கான பழைய சான்றிதழ் அது, முகமதிப்பு 10 ரூபாய். அந்த நிறுவனம் எப்போதோ பங்கை 2 ரூபாயாகப் பிரித்து, 100 பங்குகளுக்கான புதிய சான்றிதழைப் பழைய வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறது. அது திரும்பிப் போயிருக்கிறது. டிவிடெண்டும் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்ததால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விட்டன. திரும்பப் பெற ஐஇபிஎஃப்-5 என்ற படிவம் இருக்கிறது. ஆனால் சான்றிதழில் பெரியப்பா பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், ஆதாரில் ஒன்றே ஒன்று. விடுபட்ட அந்த ஓர் எழுத்துக்காக வரும் திங்கட்கிழமை இருவரும் கிருஷ்ணகிரிக்கு நோட்டரியைப் பார்க்கப் போகிறோம்.