முதல் முறை இரும்படிக்கப் போகிறவர்களுக்கு

போன பங்குனியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் இரண்டு நாள் இருந்து இரும்படிக்கக் கற்றுக்கொண்டேன். அரிவாள் அடிக்கும் ஆசையோடு போனேன். ஒரு கொக்கியோடு திரும்பினேன். அந்தக் கொக்கியில் எனக்கு மனநிறைவுதான். ஆனால் போவதற்கு முன் கையிலிருந்த இரண்டு வாரத்தைத் தவறான வேலைகளில் செலவிட்டுவிட்டேன். அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த நாட்களாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தோளுக்கு வலு வேண்டும் என்று நினைத்துத் தினமும் தண்டால் எடுத்தேன். அங்கே முதலில் கைவிட்டது தோள் அல்ல, தொடை. நம் கிராமத்துப் பட்டறைகள் பலவற்றில் பட்டடையை, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டியை, தரையில் புதைத்த மரக்கட்டையில் தாழ்வாகப் பதித்திருப்பார்கள். ஆசாரி அதன் முன்னால் உட்கார்ந்து, இடக்கையில் குறடும் வலக்கையில் சுத்தியலுமாக வேலை செய்வார். எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். குந்தி உட்கார்ந்த அரை மணி நேரத்தில் எனக்குக் கால் மரத்துப்போனது. ஆகவே தினமும் காலையில் கால் மணி நேரம் குந்தி உட்கார்ந்து பழகுங்கள். நகரத்துப் பயிற்சிக்கூடம் என்றால் நின்றுகொண்டுதான் அடிக்க வேண்டியிருக்கும். அங்கே கையைத் தொங்கவிட்டால் விரல் மொளி தொடும் உயரத்தில் பட்டடை இருப்பது நல்லது. எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பயிற்சி களிமண். முதல் நாள் உலை மூட்டுமுன் ஆசாரி என்னிடம் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து, "இதைக் கம்பியாக்கி நுனியைக் கூராக்குங்கள் தம்பி" என்றார். நான் இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டப் போனேன். "இரும்பை உருட்ட முடியுமா? தட்டுங்கள்" என்றார். தட்டினேன். ஒரு பக்கம் தட்டினால் மறு பக்கம் பிதுங்கியது. கால் வட்டம் திருப்பித் தட்டினால் நீண்டது. பழுத்த இரும்பும் இதே போலத்தான் நகரும். வட்டமாகவே வைத்துக் கூராக்க முயன்றபோது நுனியின் நடுவில் பள்ளம் விழுந்து பிளந்தது. முதலில் சதுரமாகக் கூராக்க வேண்டும், பிறகு நான்கு விளிம்பையும் தட்டி எட்டுப் பட்டையாக்க வேண்டும், வட்டம் கடைசியில்தான். இந்த வரிசையை வீட்டிலேயே ஒரு பலகையும் சின்னச் சுத்தியலும் வைத்துப் பத்து முறை செய்துவிட்டுப் போனால், பட்டறையில் உங்கள் கவனம் முழுவதும் நெருப்பின் மேல் இருக்கும்.

நெருப்புதான் உண்மையான பாடம். முதல் நாள் பாதிப்பொழுது நான் காற்றுச் சக்கரத்தைச் சுற்றினேன். பழைய தோல் துருத்தி இருந்த இடத்தில் இப்போது கையால் சுற்றும் ஊதியோ மோட்டார் ஊதியோ இருக்கிறது. சுற்றச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். உலையைப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே எரிந்தது சீமைக் கருவேலங்கரி. காற்று வரும் வாய்க்கு நேரே இரும்பைச் செருகினால் ஒரு பக்கம் ஆறும், மேலே செதில் கட்டும். கரிக் குவியலின் நடுவில், மேலும் கீழும் கனல் இருக்கும்படி வைக்க வேண்டும்.

நிறத்தை மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள். சாதாரண மென்இரும்புக் கம்பி சுமார் 700 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பு, 900 கடந்தால் ஆரஞ்சு, 1,100 வாக்கில் மஞ்சள். வெளுத்துப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது. அந்தத் துண்டு வீண். ஆரஞ்சிலும் மஞ்சளிலும் அடிக்க வேண்டும், மங்கிய சிவப்புக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பி பட்டடையில் பட்டதும் பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் மங்கிவிடுகிறது. "இன்னும் இரண்டு அடி" என்ற ஆசையில் நான் ஆறிய கம்பியை அடித்தேன். இரும்பு நகரவில்லை, அதிர்வு முழங்கை வரை ஏறியது. நுனியில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்தது. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் அந்த நுனியை உளி வைத்து வெட்டி எறிந்தார். அன்று மாலைக்குள் என் கண் பழகிவிட்டது. வெயிலில் நிறம் ஏமாற்றும். பட்டறையில் நிழலான மூலை இருப்பது அதற்காகத்தான்.

சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். இறுக்கிப் பிடித்தால் முதல் மணி நேரத்திலேயே உள்ளங்கை கொப்பளிக்கும். தளர்வாகப் பிடித்து, முழங்கையிலிருந்து வீசி, பட்டடை திருப்பித் தரும் துள்ளலிலேயே சுத்தியலை மேலே போகவிட வேண்டும்.

உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுக்கப் பருத்தி உடுத்துங்கள். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். தொங்கும் துப்பட்டா, மோதிரம், காப்பு வேண்டாம்; நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பவர் கண்ணாடி போதாது. காதுக்குப் பஞ்சை நம்பாமல் நல்ல அடைப்பான் வாங்குங்கள். நான் போன பட்டறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுதான் வழக்கம். பட்டடை அவர்களுக்குச் சாமி. நான் முந்தின நாளே பயத்தைச் சொல்லிக் கேட்டேன். ஆசாரி புதுத் தோல் ஷூவுக்குச் சம்மதித்தார். அந்த மரியாதையைக் காப்பாற்றுங்கள்: பட்டடையின் மேல் உட்காராதீர்கள், காலால் தொடாதீர்கள்.

பட்டறையில் ஆளைச் சுடுவது சிவந்த இரும்பைவிடக் கறுத்த இரும்புதான். 400 டிகிரியில் இரும்பு பார்ப்பதற்கு வெறும் கறுப்பு. கீழே கிடக்கும் எதையும் சூடானதாகவே எண்ணிப் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். கை தவறி விழுவதைப் பிடிக்கப் போகாதீர்கள். நனைந்த கையுறையோடு சூட்டைத் தொட்டால் ஆவி உள்ளேயே வேக வைத்துவிடும். வீட்டிலிருந்து பழைய இரும்பு கொண்டுபோகிறவர்கள் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், கம்பிகளைத் தொடவே வேண்டாம்; உலையில் அந்தப் பூச்சு நச்சுப் புகையாகும், காய்ச்சல் வரும்.

அறுவடைக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். கதிர் அரிவாளும் களைக்கொத்தும் குவிந்து கிடக்கும் நேரத்தில் கற்றுக்கொடுக்க அவர்களுக்கு ஏது பொழுது? அறுவடை ஓய்ந்த பிறகு போங்கள். விடியற்காலையில் தொடங்குங்கள், தண்ணீரோடு மோரும் எடுத்துப் போங்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு நாள் வேலையை நமக்காக ஒதுக்குகிறார்கள், அதற்குக் குறைவாகக் கொடுப்பது நியாயமில்லை.

நான் அடிக்க ஆசைப்பட்ட அரிவாளை ஆசாரி ஏன் மறுத்தார் என்று பிறகுதான் புரிந்தது. அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற கடின எஃகு வேண்டும். தோய்ச்சல், அதாவது பழுத்த எஃகை முக்கி உறுதியாக்கும் வேலை, தவறினால் வெட்டும் விளிம்பு உடையும், இல்லையென்றால் மடங்கும். கொக்கியில் கூராக்கல், வளைத்தல், துளையிடல், முறுக்கல் எல்லாம் வந்துவிடுகின்றன. அதையே கேளுங்கள்.

முடிந்த கொக்கியைச் சிவப்பு முழுவதும் போன பிறகு, சூடு இருக்கும்போதே கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசச் சொன்னார். குறட்டால் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துப் பூசினேன். புகை எழுந்து அடங்கியதும் இரும்பு ஆழ்ந்த கறுப்பாக மின்னியது. இப்போது அது எங்கள் அடுப்படி உத்தரத்தில் உறியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.