மசோதாவுக்குக் கையெழுத்து, காசுக்குக் கைவிரிப்பு

வாஷிங்டனில் பசி ஒழிப்பு மசோதாவுக்கு ஆதரவு கேட்டு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களிடம் அலுவலகம் அலுவலகமாக ஏறப்போகிறவர்களுக்கு இது. சந்திப்பு வாங்குவது பெரிய பாடில்லை. தொகுதிக்காரர் என்றாலே நேரம் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் உறுப்பினர் வரமாட்டார், வெளிவிவகாரம் பார்க்கும் இளம் உதவியாளர்தான் வருவார். பரவாயில்லை, மேலே போகும் குறிப்பை எழுதுவதே அவர்தான்.

எங்களுக்கு இடறியது அதற்குப் பிறகு. உறுப்பினர் கோஸ்பான்சராக, அதாவது மசோதாவின் இணை ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவசர உணவு உதவிக்கான நிதிக் கோரிக்கையை அந்த உதவியாளர் வெளியுறவுச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் துணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டார். வெளிநாட்டுக்குப் போகிற பணம்தானே என்பது அவர் கணக்கு. 1954-ல் வந்த பி.எல். 480, அதாவது இன்றைய ‘ஃபுட் ஃபார் பீஸ்’ சட்டம், அமெரிக்க விவசாயிகளின் உபரித் தானியத்துக்கு வழி தேடிப் பிறந்தது. அதனால் அவசர உணவு உதவிக்கான அதன் டைட்டில் 2 (இரண்டாம் பகுதி) பணம் வேளாண் ஒதுக்கீட்டு மசோதாவில்தான் வரும். விஷயம் தெரிந்தபோது வேளாண் துணைக்குழுவின் கெடு தாண்டிவிட்டது. “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று ஒரு வரி பதில். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே நிதிக் கோரிக்கைப் படிவத்தில் துணைக்குழு, கணக்கின் பெயர், தொகை மூன்றையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். கெடு வசந்த காலத்தில் வரும். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென்று அதற்கும் முந்திய ஒரு தேதி வைத்திருக்கும். அதைக் கேளுங்கள்.

மசோதா சட்டமானாலும் பணம் கைக்கு வந்ததாக அர்த்தமில்லை. 2016-ன் உலக உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2017 நிதியாண்டின் வேளாண் வளர்ச்சி உதவிக்கு 100 கோடி டாலருக்குச் சற்று மேல் அனுமதித்தது. அனுமதி மட்டும்தான். ஒதுக்கீட்டுக்கு ஒவ்வொரு ஆண்டும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

மசோதா எண்ணைச் சரிபார்க்காமல் போகாதீர்கள். பிரதிநிதிகள் சபை மசோதாவுக்கு ‘எச்.ஆர்.’, செனட்டுக்கு ‘எஸ்.’, ஒரு சபைக்காரர் மற்ற சபையின் மசோதாவில் சேர முடியாது. பிரதிநிதிகள் சபையில், குழு அறிக்கை கொடுத்து முடித்தபின் கோஸ்பான்சர் சேர்க்க வழியில்லை. இரண்டாண்டுக் காங்கிரஸ் முடிந்தால் மசோதாவும் முடிந்தது. இதே உலக உணவுப் பாதுகாப்பு மசோதா 2014 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் அப்படித்தான் செத்தது. 2015-ல் புது எண்ணோடு மறுபடி முதலிலிருந்து.

தபாலை நம்ப வேண்டாம். 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்து வந்த கடிதங்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் வெளியே கதிர்வீச்சில் காட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். மின்னஞ்சலே மேல்.

“கொடுக்கிற பணமெல்லாம் சோறாகிறதா?” என்று கேட்பார்கள். அரசு அனுப்பும் உணவுச் சரக்கில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும், கப்பல் வாடகையில் பணம் கரைகிறது என்று சொல்லுங்கள். இன்னொரு அலுவலகத்தில் இந்தப் பதிலோடு நிரப்பிய படிவத்தையும் நீட்டினோம். அன்று மாலையே வேளாண் துணைக்குழுவுக்குப் பதிவு செய்து நகலும் அனுப்பினார்கள். நகல் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.