நீர்மோரும் 61,596 ரூபாயும்

மே மாதம் இரண்டாவது வாரம், மத்தியானம் மூன்று மணி. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறை அந்த நேரத்தில் அடுப்பாகக் கொதிக்கும். அம்மா படியேறி வந்து ஒரு சொம்பு நீர்மோரை மேசைமேல் வைத்தார். "குடிச்சிட்டு வேலையப் பாருப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஃபேன் காற்றில் ஒரு ப்ரூஃப் தாள் பறந்தது. அதைப் பிடிக்கப் போன கை சொம்பைத் தட்டிவிட்டது.

உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கீபோர்டுக்குள் இறங்கிவிட்டன. திரை ஒரு தடவை மினுங்கி அணைந்தது.

பதினான்கு வருடமாகச் சின்னப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். அந்த லேப்டாப்தான் எனக்குச் சோறு போடுகிறது. 2023 ஜனவரியில் 68,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. தவணை கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அதற்குள் மூன்று புத்தகங்களின் கோப்புகள் இருந்தன. ஒன்று அந்த வாரமே அச்சுக்குப் போக வேண்டியது.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் வாசலில் நின்றேன். திறந்து பார்ப்பதற்கு மட்டும் 500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 590. உள்ளே இருக்கும் தகவல் போனால் கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து எஸ்டிமேட் வந்தது. மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் உட்காரும் முதன்மைப் பலகை, 43,800. கீபோர்டு 6,400. வேலைக்கூலி 2,000. அதன் மேல் பதினெட்டு சதவீத வரி. மொத்தம் 61,596 ரூபாய்.

அந்தத் தாளை நாலைந்து தடவை படித்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "போர்டுல எந்த இடம் போயிருக்கு மேடம்?" என்று கேட்டேன். "லிக்விட் டேமேஜ் சார், போர்டு மாத்தணும்" என்றார். எந்தப் பாகம் என்று திரும்பவும் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "நாங்க போர்டு லெவல்ல ரிப்பேர் பண்றதில்ல சார், ஃபுல்லா மாத்திடுவோம்" என்றார். பழைய போர்டு எனக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காதாம், அது கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடுமாம். அப்புறம் தணிந்த குரலில், "இதோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கம்பெனி கொடுத்த விலைப்பட்டியலைத்தான் அவர் வாசிக்கிறார். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் மனதைவிட்டு அகலவே இல்லை. ரிப்பேருக்கு அப்படி ஒரு விலை வைத்தால் யாரும் ரிப்பேர் செய்ய மாட்டார்கள். பழுது பார்க்க முடியாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, விலையே அதைச் சொல்லிவிடும்.

வாரண்டி முடிந்திருந்தது. முடியாமல் இருந்தாலும் தண்ணீர் பட்டதற்கு அது செல்லாது. கைதவறிச் சேதமானால் ஈடுகட்டும் காப்பீட்டைத் தனியாகக் காசு கட்டி எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. கொட்டியது என் கைதான். அதனால் இலவசமாகச் செய்து கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. நியாயமான கூலியும், போன பாகத்தின் விலையும் கொடுக்கத் தயாராகத்தான் போனேன்.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கிருந்து நேராக ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் சார்ஜர், கேபிள், சிசிடிவி கேமரா, பழைய மானிட்டர் என்று நடைபாதை வரை கடைகள். என் நண்பர் ஒருவர் ஒரு மாடிக்கு வழி சொல்லியிருந்தார். குறுகலான படி, மேலே எட்டுக்குப் பத்தடி அறை. இரண்டு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், சுவர் முழுக்கக் கழற்றிப் போட்ட பழைய போர்டுகள். முப்பது வயதிருக்கும் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மோரா? உப்புப் போட்டதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. உப்புக் கரைசலில் மின்சாரம் நன்றாகப் பாயுமாம், செம்பையும் சீக்கிரம் அரித்துவிடுமாம். வெறும் தண்ணீர் என்றால் இவ்வளவு பயமில்லை என்றார்.

என் கண் முன்னாலேயே திறந்தார். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினார். போர்டைத் திருப்பி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, "பாருங்க சார்" என்றார். சார்ஜிங் பக்கம், சில சிப்புகளின் கால்களைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்ததுபோல் இருந்தது. மல்டிமீட்டர் முனைகளை இரண்டு இடத்தில் வைத்ததும் 'பீ' என்று நிற்காமல் கத்தியது. மெயின் லைன் ஷார்ட், அதாவது மின்சாரம் போகக்கூடாத குறுக்கு வழியில் பாய்கிறது. அந்த லைனில் ஒன்றோடொன்று இணையாக இருபது முப்பது கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டிப் பாகங்கள், இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனாலும் எதில் தொட்டாலும் மீட்டர் கத்தும். குற்றவாளி எது என்று மீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து அவர் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். சீக்கிரம் ஆவியாகும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை அந்தப் பகுதி முழுக்கத் தடவினார். பவர் சப்ளையில் ஒரே ஒரு வோல்ட் வைத்து, கரண்ட்டை மெல்ல ஏற்றி அந்த லைனுக்குள் விட்டார். ஷார்ட் ஆன பாகம்தான் கரண்ட்டை எல்லாம் இழுக்கும், அதனால் அதுதான் சூடாகும். போர்டு முழுக்க ஈரம் மின்னிக்கொண்டிருந்தபோது, ஓர் இடத்தில் மட்டும் ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கி, சட்டென்று காய்ந்தது. கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று. "இவன்தான்" என்றார்.

சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியால் அதை எடுத்தார். மீட்டர் கத்துவது நின்றது. சுவரில் தொங்கிய ஒரு பழைய போர்டிலிருந்து அதே அளவுள்ள கெப்பாசிட்டரைப் பிரித்தெடுத்து வைத்தார். போர்டை, ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவி, காயவைத்து, அரித்த இரண்டு கால்களுக்கு மறுபடி ஈயம் வைத்தார். மாலை ஆறரைக்கு லேப்டாப்பின் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. என் கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. போர்டு வேலைக்கு 2,500, புது கீபோர்டு 1,800. மொத்தம் 4,300 ரூபாய்.

61,596 எங்கே, 4,300 எங்கே? பெரிய சர்வீஸ் சென்டருக்கு வாடகை, ஏசி, சம்பளம், போர்டுக்குப் புதிய வாரண்டி என்று செலவு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மடங்கு கேட்டிருந்தால்கூட மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். பதினான்கு மடங்குக்கு என்னால் காரணம் காண முடியவில்லை.

அந்தத் தம்பியின் இரண்டாவது மானிட்டரில் என் போர்டின் சர்க்யூட் படம் திறந்திருந்தது. எந்தக் கெப்பாசிட்டர் எந்த லைனில் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கம்பெனி குடுக்காது சார். குரூப்ல காசு குடுத்து வாங்குவோம். சில மாடலுக்குக் கிடைக்கவே கிடைக்காது, அப்ப திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். அதாவது நான் தப்பித்தது, யாரோ எங்கிருந்தோ வெளியே விட்ட ஒரு படத்தின் புண்ணியத்தால்.

என் அப்பா விருத்தாசலத்தில் ஒரு வால்வ் ரேடியோ வைத்திருந்தார். அதன் பின்மூடியைக் கழற்றினால் உள்பக்கத்தில் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் செல்லரித்தது. கடைவீதி மெக்கானிக் மூடியை முட்டிமேல் சாய்த்து வைத்து, படத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வேலை பார்ப்பார். நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். பொருளை விற்றவனே, இதை இப்படித்தான் சரிசெய்ய வேண்டும் என்று உள்ளே எழுதிக் கொடுத்திருந்தான். இன்றைக்கு அதே படத்தைத் தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கிறார்கள்.

ரிச்சி தெருவில் எல்லாம் சரியாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். என் மனைவியின் போனுக்கு வேறொரு கடையில் போட்ட டிஸ்ப்ளே மூன்றே மாதத்தில் மங்கிவிட்டது. ஒரிஜினல் என்று சொல்லித்தான் போட்டார்கள். உப்பிப்போகும் போலி பேட்டரிகளும் அங்கே உண்டு, அது உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒரிஜினல் பாகத்தை வெளியில் விற்காத வரை போலி விற்கத்தானே செய்யும்? சில கம்பெனிகள் பாகத்தையும் போனையும் மென்பொருளால் முடிச்சுப் போட்டு வைக்கின்றன. ஐபோன் 11 முதல், வெளியில் டிஸ்ப்ளே மாற்றினால் அது அசலா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று போனே எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024-இல் இப்படி முடிச்சுப் போடுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது.

நம் ஊரில் நிலைமை என்ன என்று தேடினேன். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளமும் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் உதிரிபாகத்தையும் சர்க்யூட் படத்தையும் வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதனால் வரவில்லை. என் லேப்டாப் மோர் குடித்த அதே 2025 மே மாதத்தில், பொருள்களுக்குப் 'பழுதுபார்ப்புக் குறியீடு' தருவது பற்றி இன்னொரு குழு அறிக்கை கொடுத்திருக்கிறது. பிரான்ஸ் இதை 2021 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஸ்மார்ட்போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தந்தார்கள். சுலபமாகக் கழற்ற முடிகிறதா, பாகம் கிடைக்கிறதா என்பதோடு, பொருளின் விலையோடு ஒப்பிட்டால் பாகத்தின் விலை எவ்வளவு என்பதற்கும் அதில் மதிப்பெண் இருந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். மதர்போர்டு மாற்றினால் பொருளின் விலையில் பாதிக்கும் மேல் ஆகும் என்று கடையில் வாங்கும்போதே எழுதியிருந்தால், நான் வேறு மாடலைப் பார்த்திருப்பேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்பது விதி. அங்கே விற்கும் அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே கொடுக்க முடிந்ததை இங்கே ஏன் கொடுக்க முடியாது? இதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படிக் கொட்டிவிட்டால்: உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். வேலை செய்கிறதா என்று மறுபடி போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள், பெரிய சேதம் அப்போதுதான் ஆகும். அரிசியில் புதைப்பதால் ஒன்றும் நடக்காது. ஈரம் போனாலும் உப்பும் சர்க்கரையும் உள்ளேயே உட்கார்ந்து அரிக்கும். சீக்கிரம் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றி, போர்டைக் கழுவக் கொடுங்கள். கம்பெனி எஸ்டிமேட்டைப் பார்த்ததும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போர்டு லெவல் வேலை தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அந்த வாரப் புத்தகம் ஐந்து நாள் தாமதமாக அச்சுக்குப் போனது, பதிப்பாளர் பொறுத்துக்கொண்டார். புதுக் கீபோர்டின் ஸ்பேஸ் பார் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது, பழகிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒருமுறை கொண்டு வாருங்கள், அரிப்பு மறுபடி வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடலாம், காசு வேண்டாம் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். நவம்பரில் மழை பார்த்துப் போக வேண்டும்.