பத்மாவதி அம்மன் காலடியில் ஒரு குக்குட சர்ப்பம்

கர்நாடகத்தில் சிவமொக்காவிலிருந்து ஹொம்புஜா என்ற சமணத் தலத்துக்குப் போகும் வழியில் காடு அடர்ந்துகொண்டே வந்தது. இங்கே மரத்துக்கு மரம் தாவுகிற பாம்பு உண்டு என்றார் வண்டி ஓட்டியவர். இறக்கை கிடையாதாம். விலாவை விரித்து உடம்பைத் தட்டையாக்கிக் காற்றில் சறுக்குமாம். அம்மா சட்டென்று கைகூப்பினார்.

தமிழ்ச் சமணர்களான எங்களுக்குப் பறக்கும் பாம்பு என்றாலே குக்குட சர்ப்பம்தான் நினைவுக்கு வரும். கோழித் தலை, பாம்பு உடல், இறக்கை. எங்கள் காவல் தெய்வமான பத்மாவதி அம்மனின் வாகனம். எங்கள் ஊர் ஜினாலயத்தில் அம்மன் காலடியில் அதைப் பார்த்துச் சின்ன வயதில் நடுங்கியிருக்கிறேன். காரணம், அம்மா சொன்ன கதை.

கமடன் அண்ணன், மருபூதி தம்பி. தம்பி மனைவியிடம் முறைகேடாக நடந்ததற்காக அண்ணனை அரசன் நாடு கடத்தினான். மனம் பொறுக்காத தம்பி, தேடிப் போய் வணங்கினான். குனிந்த தலையில் பாறையைப் போட்டுக் கொன்றான் அண்ணன். மறுபிறவியில் தம்பி யானை, அண்ணன் குக்குட சர்ப்பம். முனிவரிடம் விரதம் ஏற்று மெலிந்திருந்த யானை, தண்ணீர் குடிக்கப் போய்ச் சேற்றில் சிக்கியது. பாம்பு வந்து தீண்டியது. யானை கோபப்படாமல் உயிர் விட்டது. இப்படியே பல பிறவிகள் தொடர்ந்து, கடைசியில் தம்பி எங்கள் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதராகப் பிறந்தார். அப்போதும் அண்ணனின் பகை மழையும் புயலுமாக வந்தது. நாகராஜனான தரணேந்திரனும் பத்மாவதியும் காத்து நின்றார்கள். அவர்களும் ஒரு காலத்தில் எரியும் கட்டைக்குள் சிக்கிய பாம்புகள்தான். சாகும் நேரத்தில் பகவான் அருளால் மந்திரம் கேட்டவர்கள்.

ஹொம்புஜாவில் முதலில் பஞ்சகூட பசதி என்ற சமணக் கோயிலைப் பார்த்தோம். அரசி சட்டலதேவி 1077இல் எழுப்பியது. பிறகு அம்மன் சன்னிதி. இங்கே சாந்தர அரச மரபைத் தொடங்கிய ஜினதத்தராயன் களைத்து உறங்கியபோது கனவில் வந்து, இங்கேயே தங்கு என்று அம்மன் சொன்ன இடம் என்பார்கள். அவன் படுத்திருந்தது நம்ம நொச்சி மரத்தடியில்.

அம்மனின் வலப்பக்கமிருந்து பூ விழுந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு விழவில்லை. முன்னால் நின்ற பெண்ணுக்கு விழுந்தது, அவர் அழுதுவிட்டார். பட்டுப் புடவையும் மாலையும் மூடியிருந்ததால் வாகனம் கண்ணில் படவில்லை. ஆனால் என் நினைப்பெல்லாம் அதன் மேலேயே இருந்தது. யானையைக் கொன்ற அதே பாம்புதான் அம்மனைச் சுமக்கிறது என்று புராணம் நேராகச் சொல்வதில்லை. என் மனம்தான் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. தீயில் வெந்த பாம்பாக இருந்தவள், நஞ்சு கக்கிய பாம்பைக் காலடியில் வைத்திருக்கிறாள். புயலாக வந்த கமடனும் முடிவில் பகவானை வணங்கி உய்ந்தான் என்றுதானே கதை.

நிலத் தகராறில் அண்ணனும் நானும் பேசி நான்கு வருஷம் ஆகிறது. சன்னிதியில் நின்ற அரை மணி நேரமும் நான் யானையா, பாம்பா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள் மடத்தில் சாப்பிட்டோம். இருட்டிவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. கிளம்பும்போது குங்குமப் பொட்டலம் இரண்டு வாங்கினேன்.

"ஒண்ணு அண்ணன் வீட்டுக்கா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நீ குடுத்துடு."

"நீயே கொண்டுபோய்க் குடுடா."