வேம்புக்குப் பச்சை இறைச்சி பழக்கிய அனுபவம்

எங்கள் வீட்டு வேம்பு, சிப்பிப்பாறைக் கலப்பில் பிறந்த பெண் நாய். எடை 18 கிலோ. சென்னையின் பல வீடுகளைப் போலவே எங்கள் வேளச்சேரி வீட்டிலும் அவள் தயிர்சாதமும் பாக்கெட்டில் வரும் உலர் தீவனமும் தின்றுதான் வளர்ந்தாள். 2023 ஜூலையில் தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்து போகத் தொடங்கினாள். இரவு முழுவதும் சொறிந்துகொண்டும் இருந்தாள். பச்சை இறைச்சிக்கு மாற்றலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது.

எங்கள் கால்நடை மருத்துவர் உடனே சம்மதிக்கவில்லை. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்றும், நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் எச்சில், மலம் வழியாக வீட்டாருக்குப் பரவலாம் என்றும், ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளைத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து மனிதருக்கும் தொற்றலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். "செய்யறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, ரத்தப் பரிசோதனை பார்த்துட்டு, பூச்சி மருந்து கொடுத்துட்டு ஆரம்பிங்க" என்றார். சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பதாக முடிவு வந்த பிறகே தொடங்கினேன்.

ஆனால் தொடங்கிய விதம் தவறு. ஒரே நாளில் தீவனத்தை நிறுத்தி, கோழிக்கறியோடு கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த ஈரல் முழுவதையும் வைத்துவிட்டேன். நள்ளிரவில் வேம்பு கதவைப் பிறாண்டி எழுப்பினாள்; விடிவதற்குள் நான்கு முறை வயிற்றோட்டம். "வாயில்லா ஜீவன்டா, அதுமேல போய் எதுக்குச் சோதனை பண்ற?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொடுத்துத் தேற்றினோம்.

இரண்டாவது முறை, எலும்பில்லாத கோழிக்கறி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய உணவில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் அதை வைத்தேன். மலம் கெட்டியாக இருந்த வாரத்தில் அளவைக் கூட்டினேன். இளகிய வாரத்தில் அப்படியே நிறுத்தினேன். நான்காம் வாரத்தில் எலும்பு சேர்த்தபோது இன்னொரு தவறு செய்தேன். கோழிக்கால் (தொடையல்ல, நகமுள்ள பாதம்) மலிவாகக் கிடைத்ததால் அதையே அதிகம் போட்டுவிட்டேன். மறுநாள் காலை எதிர்வீட்டுக் காலிமனையில் வேம்பு மூன்று இடங்களில் குந்தி முக்கினாள். கடைசியில் விழுந்தது சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து, குச்சியால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. எலும்பு மிகுந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். கோழிப் பாதத்தில் பாதிக்கும் மேல் எலும்புதான் என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து தராசு இல்லாமல் நான் தட்டு வைப்பதில்லை. உடல் எடையில் 2.5 சதவீதம் என்ற கணக்கில் வேம்புக்கு ஒரு நாளைக்கு 450 கிராம்: கறி 280 கிராம், பச்சைக் கோழிக் கழுத்து 125 கிராம், ஈரல் 22 கிராம், சுவரொட்டி (மண்ணீரல்) 23 கிராம். கழுத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்பதால், மொத்தத்தில் எலும்பு பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஈரலை இதற்கு மேல் கூட்டக் கூடாது; வைட்டமின் ஏ உடலில் தேங்கிவிடும். கோழியை மட்டுமே போட்டால் துத்தநாகச் சத்து குறையும் என்று மருத்துவர் சொன்னதால் மாட்டுக்கறியையும் மாற்றி மாற்றி வைக்கிறேன். வாரம் இருமுறை சைதாப்பேட்டையில் வாங்கும் மத்தி மீனும் உண்டு.

கழுத்து எலும்பைப் பச்சையாகத்தான் கொடுக்க வேண்டும். வேகவைத்தால் கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சையாகக் கொடுத்தாலும் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் வேம்பு மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவளுக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, தனி எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறோம். சென்னை வெயிலில் பச்சைக்கறி சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுவேன். ஃபிரீசரில் வைப்பது சில புழுக்களைத்தான் கொல்லும், சால்மோனெல்லாவைக் கொல்லாது. ஆகவே ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மட்டும் விட்டதில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது; மின்சாரம் இல்லை. ஃபிரீசரில் இரண்டு வாரத்துக்கான கறி இருந்தது. இரண்டாம் நாள் திறந்து பார்த்தபோது பைகள் தளர்ந்து, அடியில் சிவந்த நீர் தேங்கியிருந்தது. மீண்டும் உறைய வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, முழுவதையும் தூக்கி எறிந்தேன். கரண்ட் வரும்வரை வேம்புக்கு அவித்த முட்டையும் சோறும்தான். இப்போது ஐந்து நாளுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை.

வேம்பு தட்டைத் துடைத்தாற்போல் தின்கிறாள், மலம் குறைந்து கெட்டிப்பட்டது, மயிர் பளபளக்கிறது. சொறிதல் மட்டும் உணவால் நிற்கவில்லை. அதற்குக் காரணம் உண்ணி என்று பிறகு தெரிந்தது. மருந்து போட்டதும் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் மலமும் பரிசோதிக்கிறோம். கைக்குழந்தை இருக்கும் கீழ்வீட்டார் தங்கள் நாய்க்கும் இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், எலும்பை நீக்கிவிட்டு வேகவைத்தே கொடுங்கள், கால்சியத்துக்கு மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லி, அவருடைய எண்ணைக் கொடுத்தேன்.